கதவுக்குக் கண் வந்த கதை

பூனை வந்து போக மோட்டாரில் ஓடும் குட்டிக் கதவு பார்த்திருக்கிறீர்களா? நடுவில் பூனை நின்றுவிட்டால் அதற்கு எப்படித் தெரியும்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்கா கொடுத்த விலை அதிகம். 1980களில் அங்கே கார் நிறுத்தும் கராஜ்களின் மோட்டார் கதவில் சிக்கிக் குழந்தைகள் இறந்தார்கள். மோதினால் மேலே திரும்பும் வசதி பல கதவுகளில் இருந்தது. ஆனால் முதலில் மோத வேண்டுமே! அழுத்த அளவு சரியாக இல்லையென்றால் சின்ன உடம்பு அதற்கு ஒரு தடையாகவே தெரியாது.

1990ல் சட்டம் வந்தது. 1993 ஜனவரி 1 முதல் தயாராகும் வீட்டு கராஜ் கதவு மோட்டார்களுக்கு இரண்டாவது காவலும் கட்டாயம்: தரையிலிருந்து 6 அங்குலத்துக்குள் ஒளிக்கண், அல்லது கதவு விளிம்பில் தொடு உணரி. ஒளிக்கதிர் தடைபட்டால் கதவு தொடாமலே திரும்பிவிடும். ஒளிக்கண் பழுதானால் கதவு தானாக மூடாது. இதுதான் முக்கியம்!

பூனைக் கதவுக்கும் இதே பாடம்தான். பூனை தாண்டிப் போனபின் வால் மட்டும் கதிருக்கு மேலே நிற்கலாம். அப்போது மோட்டாரின் மின்னோட்டம் சட்டென்று ஏறுவதை வைத்துத்தான் கதவை நிறுத்த வேண்டும். ஒரு காவல் தவறினால் இன்னொன்று வேண்டும், இல்லையா நண்பர்களே?