வடசென்னையில் கன்டெய்னர் லாரிப் போக்குவரத்து

சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் போய்வரும் கன்டெய்னர் லாரிகளின் பாரம் காசிமேடு, திருவொற்றியூர், எர்ணாவூர் மக்கள் தலையில்தான் விழுகிறது. துறைமுக வாசலில் நெரிசல் கூடினால் வரிசை எண்ணூர் விரைவுச்சாலையில் நீளும். பேருந்துக்குக் காத்திருப்பவர்களும் பள்ளிப் பிள்ளைகளும் ஆளுயர டயர்களை ஒட்டியே நடக்க நேர்கிறது.

2009இல் அடிக்கல் நாட்டப்பட்ட துறைமுகம்–மதுரவாயல் பறக்கும் சாலைப் பணி, தூண்கள் கூவத்தின் நீரோட்டத்தைத் தடுக்கும் என்று மாநில அரசு ஆட்சேபித்ததால் 2012இல் நின்றுபோனது. பிறகு ஈரடுக்குத் திட்டமாக மாறி, 2022 மே மாதம் மீண்டும் அடிக்கல் கண்டது. நீளம் சுமார் 20 கி.மீ.; மேல்தளம் துறைமுக லாரிகளுக்கு, கீழ்த்தளம் நகர வாகனங்களுக்கு.

ஆனால் அது மேற்கே போகும் சரக்குக்கே வழி. வடக்கே உடனடித் தேவை, கழிப்பறையும் குடிநீரும் உள்ள லாரி நிறுத்துமிடங்கள். வரிசையில் காத்திருக்கும் ஓட்டுநர்களும் விரைவுச்சாலை ஓரத்தில்தான் பொழுதைக் கழிக்கிறார்கள்.