ரோஜா கவாத்து: ஆரல்வாய்மொழி வட்டாரம்

ரோஜாச் செடியில் பட்டுப்போன, நோஞ்சான் குச்சிகளை நீக்கி, மற்றவற்றைக் குறைத்து வெட்டுவது கவாத்து. ரோஜா புதுத் தளிரில் பூக்கும். வெட்டாமல் விட்ட செடி ஒல்லியாக உயர்ந்துபோகும், பூவும் சிறுக்கும்.

பனி உறையும் நாடுகளில் செடி இலையுதிர்த்து உறங்கும். குளிர்காலக் கடைசியில், அது துளிர்க்கும் நேரம் பார்த்து வெட்டுவார்கள். கன்னியாகுமரி மாவட்டத்தில் ரோஜாவுக்கு அப்படி உறக்கமே கிடையாது. அம்மாவட்டத்து ஆரல்வாய்மொழியில் கவாத்துக்கு நாள் குறிப்பவை மழையும் காற்றும்தான்.

தமிழ்நாட்டுச் சமவெளிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை என்பது பொதுவான வேளாண் பரிந்துரை. இவ்வூருக்கு அதில் பெரும்பகுதி உதவாது. ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவமழையில் வெட்டுவாய் காயாது. பூஞ்சை ஏறி, குச்சி நுனியிலிருந்து கீழ்நோக்கிக் கருகிக்கொண்டே வரும். மழை ஓய்ந்த மார்கழியே தோது. வெட்டி ஏறத்தாழ 45 நாளில் பூ வரும். பொங்கலுக்குப் பூ வேண்டுமென்றால் கார்த்திகை நடுவிலேயே வெட்டியாக வேண்டும். ஒரு நாள் பூவுக்காகச் செடியைப் பணயம் வைக்கத் தேவையில்லை.

சென்ற பருவத்துக் குச்சியைப் பாதியாகக் குறைப்பது வழக்கம். வெளிப்பக்கம் பார்த்த முளைக்குச் சற்று மேலே, மறுபக்கம் சரியும்படி கத்தரியை வைக்க வேண்டும். வெட்டுவாயின் நடுச்சோறு வெள்ளையாக இருந்தால் நல்லது. பழுப்பாக இருந்தால், வெள்ளை தெரியும்வரை இன்னும் கீழே இறங்கி வெட்ட வேண்டும். பிறகு பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ பசை தடவலாம். ஒட்டுச்செடியானால், ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் காட்டுத்தளிரை அடியோடு பிய்த்தெடுக்க வேண்டும். பங்குனி, சித்திரை வெயிலில் ஆழமாக வெட்டினால் இலை மூடியிருந்த தண்டு வெந்துபோகும்.

ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே வரும் காற்றுதான் அருகிலுள்ள முப்பந்தல் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. ஆனி, ஆடியில் அது உயரமான செடியை ஆட்டி வேரைத் தளர்த்திவிடும். வைகாசிக் கடைசியில் நீண்ட குச்சிகளை மட்டும் லேசாக நறுக்கி, முட்டுக்கொடுத்தால் போதும்.

ஊருக்கு ஊர் கணக்கு மாறும்: 1995இல் தொடங்கிய ஊட்டி ரோஜாப் பூங்காவில் மே மாதக் கண்காட்சிக்காக ஜனவரியில் கவாத்து செய்கிறார்கள். மலைக்குளிரில் தளிர் மெதுவாக வரும். அதே ஜனவரித் தொடக்கத்தில் ஆரல்வாய்மொழியில் வெட்டிய செடி மாசியிலேயே பூத்துவிடும்.