எலிசபெத் வாரன்: தகப்பனின் மரணசாதனம் மீட்டுத்தந்த பெயர்

1620 இல் மேஃபிளவர் கப்பலில் வட அமெரிக்காவுக்குச் சென்று, பிளிமத் கொலனியை அமைத்த ஆங்கிலேயரில் ஒருவர் ரிச்சர்ட் வாரன். அமெரிக்க ஜனாதிபதிகளான யுலிசிஸ் கிராண்ட், பிராங்ளின் ரூஸ்வெல்ட் இருவரும் அவரது வழித்தோன்றல்கள். ஆனால் அவரது மனைவி எலிசபெத் யாருடைய மகள் என்பது 2003 வரை வம்சாவளி நூல்களில் சரியாக இடம்பெறவில்லை.

பதிவுகளில் இருந்த பெண்

எலிசபெத் 1623 இல் 'ஆன்' என்ற கப்பலில் ஐந்து பெண் பிள்ளைகளுடன் கணவரிடம் போய்ச் சேர்ந்தார். பிளிமத்தில் மேலும் இரண்டு ஆண் பிள்ளைகள் பிறந்தனர். 1628 இல் கணவர் இறந்தார். எலிசபெத் மறுமணம் செய்யவில்லை. ஏழு பிள்ளைகளையும் வளர்த்து ஆளாக்கினார். மருமகன்மாருக்குக் காணி எழுதிக் கொடுத்தார். கொலனியின் பங்குதாரர் பட்டியலில் கணவருக்கு இருந்த இடத்தை 1637 இல் நீதிமன்றம் அவருக்கே வழங்கியது. 1673 ஒக்டோபர் 2 இல், 90 வயதைக் கடந்த நிலையில் காலமானார்.

இந்தப் பதிவுகள் எல்லாவற்றிலும் அவர் 'வாரன்' மட்டுமே. திருமணத்தோடு பெண்ணின் பிறந்த குடும்பப் பெயர் மறைந்துவிடுவது ஆங்கிலேயர் வழக்கம்.

வெற்றிடத்தை நிரப்பிய ஊகம்

சில வம்சாவளி நூல்கள் அவரை ஜுவாட் குடும்பத்தில் பிறந்தவர், மார்ஷ் என்பவரின் விதவை என்று எழுதின. ஆதாரமற்ற அந்தக் கூற்று நூலுக்கு நூல் பிரதி செய்யப்பட்டுப் பரவியது.

விடை கிடைத்த இடம்

இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் உள்ள கிரேட் அம்வெல் தேவாலயப் பதிவேட்டில், 1610 ஏப்ரல் 14 இல் ரிச்சர்ட் வாரனும் எலிசபெத் வோக்கரும் மணந்த பதிவு உண்டு. அது மட்டும் போதாது. அந்தப் பெயர்கள் அன்று பலருக்கும் இருந்தவை.

ஐயத்தைத் தீர்த்தது, அதே ஊரைச் சேர்ந்த ஒகஸ்டின் வோக்கர் 1613 இல் எழுதிய மரணசாதனம். அதில் அவர் தம் மகள் எலிசபெத் வாரனையும், அவளுடைய பிள்ளைகளான மேரி, ஆன், சாரா மூவரையும் குறிப்பிட்டிருந்தார். பிளிமத் வாரன் குடும்பத்தின் மூத்த மூன்று பெண் பிள்ளைகளின் பெயர்களும் அவையே, வரிசையும் அதுவே. இந்தச் சான்றுகளை இணைத்து எட்வர்ட் டேவிஸ் 2003 இல் ஆய்விதழ் ஒன்றில் வெளியிட்டார்.

நமக்கான பயன்

எலிசபெத்தின் பிறந்த வீட்டுப் பெயரைக் காட்டிக்கொடுத்தது அவருடைய சொந்த ஆவணம் அல்ல, தகப்பனின் காகிதம். இடப்பெயர்வில் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் இழந்த நம் குடும்பங்களும் தேடலை இந்த வழியில் தொடங்கலாம். தகப்பனின் உறுதி, சகோதரரின் விவாகப் பதிவு, சாட்சிக் கையொப்பம், தேவாலயப் பதிவேடு என உறவினரின் காகிதங்களில் அந்தப் பெயர் எஞ்சியிருக்கக்கூடும்.

இன்று குடும்ப விபரம் எழுதுபவர்கள் ஒரு பெண்ணை 'இன்னாரின் மனைவி' என்று எழுதி நிறுத்திவிடாமல், அவருடைய தாய், தகப்பன், பிறந்த ஊர் ஆகியவற்றையும் சேர்த்து எழுதுவது நல்லது.