கழற்றப்பட்ட வீடுகளும் காக்கப்பட வேண்டிய கூறுகளும்

வரலாற்றைக் கோயில்களிலும் கல்வெட்டுகளிலும் தேடும் நாம், உழவன் வாழ்ந்த வீட்டைச் சான்றாகக் கொள்வது அரிது. சட்டமும் இந்நோக்கிலேயே அமைந்தது. 1940ஆம் ஆண்டின் தொல்பொருட் கட்டளைச் சட்டம் தொன்மைக்கு 1815ஆம் ஆண்டை எல்லையாக வகுத்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுந்த வீடுகள் அவ்வெல்லைக்கு வெகு இப்பால் நிற்பன. அவற்றைப் புதுப்பிக்குங்கால் எவற்றைக் காத்தல் வேண்டும் என்பதை உடையார்கட்டை முன்னிறுத்தி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பரந்தன்–முல்லைத்தீவு வீதியில், குளத்தை அண்டி அமைந்த உழவர் ஊர் உடையார்கட்டு. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பின் வன்னிக் குளங்களைச் சார்ந்து குடியேற்றங்கள் பெருகின. 1950இல் காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. மண்சுவரும் கிடுகும் கொண்ட மனைகளில் கல்லும் சீமெந்தும் ஓடும் படிப்படியாக இடம்பெற்றன. பொருள் மாறியதேயன்றி அமைப்பு பெரிதும் மாறவில்லை. வெயிலைத் தடுக்கும் விறாந்தை, பனஞ்சிலாகை தாங்கிய உயர்ந்த கூரை, புகை உட்புகாதவாறு தனித்து நின்ற அடுக்களை, முற்றம், கிணறு என்பன தொடர்ந்தன.

2008இல் போர் மேற்கிலிருந்து நெருங்கியபோது வன்னி மக்கள் பலர் ஓடுகளையும் நிலைகளையும் யன்னல்களையும் கழற்றி உழவியந்திரங்களில் ஏற்றிச் சென்றனர். 2009 சனவரியில் அரசு அறிவித்த பாதுகாப்பு வலயத்துள் உடையார்கட்டும் அடங்கியது. அங்கும் எறிகணைகள் வீழ்ந்தன. ஏற்றிச் சென்ற பொருள்களையும் மக்கள் வழிநெடுகக் கைவிட நேர்ந்தது.

அதே 2009இல் கொழும்பிலும் ஒரு வீடு இடம்பெயர வேண்டியதாயிற்று. ஜெப்ரி பாவா வடிவமைக்க, 1960க்கும் 1962க்கும் இடையில் எழுந்த ஈனா டி சில்வா இல்லமே அது. நடுமுற்றத்தைச் சூழ்ந்த அவ்வீடு விற்கப்பட்டபோது, அதன் பகுதிகள் இலக்கமிட்டுக் கழற்றப்பட்டு, பெந்தோட்டைக்கு அண்மையிலுள்ள லுணுகங்கையில் மீள எழுப்பப்பட்டன. இரு இடங்களிலும் நிகழ்ந்த செயல் ஒன்றே. ஆயின் ஓரிடத்தில் வரைபடமும் பொருள்வளமும் அமைதியும் இருந்தன. மற்றையதில் அவற்றுள் ஒன்றேனும் இருக்கவில்லை.

போரின் பின் இந்திய வீடமைப்புத் திட்டம் ஏறத்தாழ 550 சதுர அடி கொண்ட வீட்டுக்கு 5,50,000 ரூபா வழங்கியது. கூரையற்றிருந்தோர்க்கு அது பேருதவி என்பதை மறுத்தற்கில்லை. அவ்வீடுகளை விரிக்கும்போதும் எஞ்சிய பழைய வீடுகளைத் திருத்தும்போதும் சில கூறுகளையேனும் காத்தல் தகும். அனுமதிப்பத்திரத்தை இழந்த குடும்பத்துக்குப் பழைய அத்திவாரமும் கிணறும் காணிக்குச் சான்றாக நிற்கக்கூடியவை. ஆகவே அவற்றை அளந்து பதியாது இடித்தலாகாது. உறுதியான நிலைகளையும் கதவுகளையும் புதுச்சுவரில் மீளப் பொருத்தலாம். விறாந்தையை அடைத்து அறையாக்கின் வெப்பமே மிகும். பழையன யாவும் போற்றத்தக்கன என்பதும் பொருந்தாது. கல்நார்த் தகடு நோய்க்கு ஏதுவாதலின் அதனை நீக்குதலே முறை.

சன்னம் துளைத்த சுவரைப் பூசி மறைப்பதா, விட்டுவைப்பதா என்ற வினா மட்டும் வேறு வகையினது. அதற்கு விடை கூறும் உரிமை ஆய்வாளர்க்கன்று, அச்சுவரினுள் நாளும் உறங்கி எழுவோர்க்கே உரியது. அவர்கள் பூச முடிவு செய்யின், பூசுமுன் அச்சுவரை வரைந்தும் படமெடுத்தும் பதிந்துவைத்தல் வரலாறு பயில்வோராகிய நம் கடனாகும்.