கறுப்புத் திரையில் சிவப்பு எழுத்து: முனையம் தமிழைச் சந்தித்த கதை

லகர, ளகர, ழகரப் பிழைகளைத் திருத்தித் திருத்திக் கை ஓய்ந்த ஆசிரியர்களுக்கு இது உடனே புரியும். மந்தின் பக்கம் ஒரு பழைய ரப்பர்த் தோட்டத்திலிருந்து வரும் என் நான்காம் படிவ மாணவன் ஒருவன், சின்ன நிரல் ஒன்றை எழுதிக் கொண்டுவந்தான். வாக்கியத்தைத் தட்டினால் அதிலுள்ள ல, ள, ழ மூன்றும் சிவப்பில் வரவேண்டும். புகுமுக வகுப்புப் பிள்ளைகள் அந்த இடத்தில் நின்று யோசிக்கவேண்டும். நல்ல திட்டம்தான். படம், பொத்தான் எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் வெறும் எழுத்து. அதைத்தான் முனையம் என்கிறோம். பிள்ளைகள் டெர்மினல் என்பார்கள்.

"வாழை" என்று தட்டினான். ழை சிவந்தது. அதற்குப் பிறகு வந்த வரிகளும் சிவந்தன, திரை முழுக்க. நிறத்தை நிறுத்தும் கட்டளையை ழகரத்துக்கு அடுத்துச் சேர்த்தான். சிவப்பு நின்றது, ஆனால் ழ தனியாகவும், ஐகாரக் குறி ஒரு புள்ளி வட்டத்தோடு தனியாகவும் பிரிந்துவிட்டன. "ஏன் டீச்சர் இப்படி?" என்றான். நான் தமிழாசிரியை, கணினி ஆசிரியை இல்லை. இருந்தாலும் தேடிப் பார்த்தேன். அந்த இரண்டு கோளாறுக்கும் தனித்தனியாக ஒரு வரலாறு இருக்கிறது.

முதலில் தட்டச்சு இயந்திரம். அதில் எழுத்தைத் தடிப்பாக்க ஒரே இடத்தில் இரண்டு முறை அடிப்பார்கள். அடிக்கோடு வேண்டுமென்றால் பின்னால் தள்ளிக் கோட்டை அடிப்பார்கள். கறுப்பு, சிவப்பு என இருநிற நாடா இருந்தால் ஒரு நெம்புகோலைத் தட்டினால் போதும். தமிழுக்கு இன்னொரு சிக்கல் இருந்தது. ஒரு விசை அடித்தால் தாள் ஓர் இடம் நகரும். அப்படியானால் புள்ளியை எங்கே வைப்பது? யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவுக்கு வந்த ஆர். முத்தையா இதற்கு 'நகரா விசை' என்ற வழியைக் கண்டார். குறியை அடித்தால் தாள் நகராது; அடுத்து அடிக்கும் எழுத்து அதே இடத்தில் வந்து விழும். இந்த நகரா விசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

அடுத்து கணினி. 1963-இல் வந்த ஆஸ்கி குறியீட்டில் 27-ஆம் எண்ணுக்கு 'எஸ்கேப்' என்று பெயர். அது திரையில் தெரியாது. "அடுத்து வருவது எழுத்தல்ல, கட்டளை" என்று இயந்திரத்துக்குச் சொல்வதுதான் அதன் வேலை. திரையுள்ள முனையங்கள் வந்தபோது ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி கட்டளைகளை வைத்தது. அதை ஒழுங்குபடுத்த 1976-இல் ஐரோப்பாவில் ஈசிஎம்ஏ-48 என்ற தரம் வெளியானது. அமெரிக்கத் தரம் 1979-இல் வந்தது. இடையே 1978-இல் டிஜிட்டல் நிறுவனம் விடி100 முனையத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 80 எழுத்து அகலம், 24 வரி. அது பரவியபோது அந்தக் கட்டளை முறையும் கூடவே பரவியது. எஸ்கேப், ஒரு சதுர அடைப்பு, ஓர் எண், கடைசியில் சிறிய 'எம்'. எண் 1 என்றால் தடிப்பு, 4 அடிக்கோடு, 5 மின்னல், 7 நிறத் தலைகீழ், 31 சிவப்பு, 0 என்றால் பழைய நிலை. விடி100-இல் நிறமே கிடையாது என்பது வேடிக்கை.

இந்த முறையில் கட்டளை எந்த எழுத்தோடும் ஒட்டாது, முனையத்தின் நிலையைத்தான் மாற்றும். சிவப்புப் பேனாவை எடுத்தால், கீழே வைக்கும்வரை எழுதுவதெல்லாம் சிவப்புத்தானே? 0 அனுப்பாத நிரல் பேனாவைக் கீழே வைக்க மறந்த நிரல். முதல் கோளாறுக்குக் காரணம் இதுதான்.

இந்தியாவில் இதே கேள்விக்கு வேறு விடை தேடினார்கள். நம் பாடக்குறிப்புகளில் இது வருவதே இல்லை. கான்பூர் ஐஐடியில் தொடங்கிப் பிறகு புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த 'ஜிஸ்ட்' தொழில்நுட்பம், தமிழ் உட்பட இந்திய எழுத்துகளை முனையத்திலும், ஓர் அட்டையைச் செருகினால் சாதாரணக் கணினியின் எழுத்துத் திரையிலும் காட்டியது. அதன் பின்னணியிலிருந்த எழுத்துக் குறியீடு இஸ்கி; 1991-இல் இந்தியத் தர அமைப்பு அதை ஐஎஸ் 13194 என வெளியிட்டது. அதில் 239-ஆம் எண் 'பண்புக் குறி'. அதை அடுத்து 48 வந்தால் தடித்த எழுத்து, 49 சாய்வு, 50 அடிக்கோடு. 68 வந்தால் அதன்பின் வருவது தமிழ் எழுத்து. எழுத்தின் தோற்றமும் எழுத்தின் மொழியும் ஒரே குறியின் கீழ் வந்தன. எனக்குப் பிடித்தது இன்னொரு விதி: வரி முடிந்தால் பண்பும் முடிந்துவிடும். என் மாணவனின் நிரல் இஸ்கியில் ஓடியிருந்தால் சிவப்பு அந்த ஒரு வரியோடு நின்றிருக்கும்.

ஆனால் இஸ்கி நிலைக்கவில்லை. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985-இலேயே 'முரசு' மென்பொருளைத் தொடங்கியிருந்தார். சாளர முறை பரவியபோது தடிப்பும் சாய்வும் எழுத்துருவின் வேலையாகிவிட்டன. தேர்வுக் கட்டுரையில் "இணையம் வந்த பிறகுதான் கணினியில் தமிழ் வந்தது" என்று எழுதும் மாணவர்கள் இந்த ஆண்டுகளைக் கவனித்தால் நல்லது. ஒருங்குறி, இஸ்கியின் 1988 வடிவத்திலிருந்து தமிழ் எழுத்துகளின் வரிசையை எடுத்துக்கொண்டது, பண்புக் குறியை விட்டுவிட்டது. எழுத்து வேறு, அதன் தோற்றம் வேறு என்பது ஒருங்குறியின் கொள்கை. அது சரியென்றே எனக்கும் படுகிறது.

இரண்டாவது கோளாறு இங்கேதான் பிறக்கிறது. ஒருங்குறியில் 'ழை' ஒரே எண் அல்ல. ழ ஓர் எண், ஐகாரக் குறி ஓர் எண். குறி பின்னால் சேமிக்கப்படும், திரையில் முன்னால் தெரியும். இரண்டும் அடுத்தடுத்து வந்தால்தான் எழுத்துருவால் அவற்றைச் சேர்க்க முடியும். நடுவில் "சிவப்பை நிறுத்து" என்ற கட்டளை நுழைந்தால் ழ ஒரு துண்டு, குறி ஒரு துண்டு. எல்லா முனையத்திலும் இப்படி உடையும் என்றில்லை, அவனுடையதில் உடைந்தது. உடையாத இடத்திலும் தொல்லை உண்டு. சம அளவுக் கட்டங்களாகப் பிரித்த திரையில் 'ண்' எத்தனை கட்டம், 'ணௌ' எத்தனை கட்டம் என்பதில் நிரலும் முனையமும் ஒத்துப்போகாவிட்டால் வரி கோணிவிடும். புள்ளிக்குத் தனிக் கட்டம் கிடையாது என்பது முத்தையாவின் நகரா விசையேதான்.

தீர்வைப் பையனே கண்டுபிடித்தான், நான் இலக்கணத்தை மட்டும் சொன்னேன். கணினி எண்ணினால் 'வாழை' நான்கு, 'பள்ளி' ஐந்து. நாம் எண்ணினால் வாழை இரண்டு எழுத்து, பள்ளி மூன்று. முதலில் உயிர்மெய்யாகச் சேர்த்துக்கொள், பிறகு அந்த முழு எழுத்தின் முன்னால் 31, முடிந்ததும் 0 போடு என்றேன். மறுநாள் வா வெள்ளையாகவும் ழை முழுதும் சிவப்பாகவும் வந்தன.

இப்போது பிழையான எழுத்துக்கு 5-ஆம் எண்ணைப் போட்டு மின்னவிடலாமா என்று கேட்கிறான். கண் வலிக்கும், வேண்டாமடா என்று சொல்லியிருக்கிறேன்.