கூரை மடங்கும் காரும் பெங்களூரும்

கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் அமைந்து, கோடையின் உக்கிரத்துக்கு அதிகம் ஆட்படாதிருந்த பெங்களூரில், கூரையை மடக்கிவிட்டு மாலைக் காற்றில் காரோட்டுவது இயற்கையே அனுமதித்த சுகம். ஆயினும், அம்பாசிடருக்கும் பியட்டுக்கும் பெயர் பதிந்துவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்த லைசென்ஸ் காலத்து மனிதருக்கு, இரண்டே ஆசனங்கள் கொண்ட வண்டி குடும்பப் பொறுப்புக்கு விரோதமான ஆடம்பரமாகவே தோன்றிற்று.

1993-ல் கார் உற்பத்திக்கு லைசென்ஸ் கட்டுப்பாடு நீங்கிற்று. அந்தத் தசாப்தம் முடிவதற்குள், ரெயில்வே எஞ்சின்கள் செய்து பழகிய பெங்களூர் ஸான் குழுமத்தார், ‘ஸான் ஸ்டார்ம்’ என்னும் திறந்த காரைக் கோவாவில் தயாரித்தார்கள்: பைபர் கிளாஸ் உடல், ரெனோவின் 1,149 சி.சி. எஞ்சின், முன்சக்கர இயக்கம், சுமார் 60 குதிரைத்திறன். சொற்ப வண்டிகளே விற்றன என்பது எனக்கு மெய்யாகவே வருத்தம். ஏனெனில், பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டு ஐம்பதைக் கடந்தவருக்கு அந்த மிதமான சக்தியே உத்தமம் என்பது என் அபிப்பிராயம். அப்பிராயத்தில் அத்தகைய வண்டியைத் தேர்ந்தெடுப்பவர், தாழ்ந்த ஆசனத்தில் முழங்கால் மடித்து அமர்ந்து, கதவின் விளிம்பில் ஒரு கையூன்றிச் சிரமமின்றி எழ முடிகிறதா, கூரையை மூடிய நிலையில் பின்புறச் சாலை நன்றாகத் தெரிகிறதா, நம் ஊர் வேகத்தடைகளில் வண்டியின் அடிப்பாகம் உரசாமல் ஏறி இறங்குகிறதா என்பவற்றையெல்லாம் பணம் கொடுக்குமுன் பரீட்சித்துப் பார்ப்பது அவசியம்.