பொன்முட்டைகள் ஏறிய ரயில்

ஒரு நிறுவனம் ஆராய்ச்சிக்கு எவ்வளவு செலவிடுகிறது என்பதை அதன் கணக்கேடு சொல்லும். ஏன் செலவிடுகிறது என்பதற்கான விடையோ சில வேளைகளில் அந்நாட்டின் பிறப்புக் கணக்கில் இருக்கிறது. ஜப்பானில் தொழிற்சாலை ரோபோக்கள் வேரூன்றிய வரலாறு இதற்குத் தக்க சான்று.

1954 ஏப்ரலில் வடக்கே அவோமோரியிலிருந்து டோக்கியோவின் உவேனோ நிலையத்திற்கு ஒரு சிறப்பு ரயில் புறப்பட்டது. நடுநிலைப் பள்ளியை அப்போதுதான் முடித்திருந்த பதினைந்து வயதுப் பிள்ளைகள் அதில் கூட்டமாக வேலைக்குச் சென்றனர். இத்தகைய ரயில்கள் 1975 வரை ஓடின. 1947 முதல் 1949 வரை பெருகிப் பிறந்த தலைமுறை 1960களின் முற்பாதியில் வேலை வயதை எட்டியது. அதற்குப் பின் வந்தோர் எண்ணிக்கையில் குறைந்தனர்; உயர்நிலைப் பள்ளிக்குச் செல்வோரும் பெருகினர். 1954இல் ஏறத்தாழப் பாதிப்பேரே அங்குச் சென்றனர். 1974இலோ பத்தில் ஒன்பது பேருக்கும் மேல். தேடினாலும் கிடைக்காத அந்தப் பிள்ளைகளுக்குப் 'பொன்முட்டைகள்' என்றே பெயர் வந்துவிட்டது.

முதல் ரயில் புறப்பட்ட அதே 1954இல்தான் அமெரிக்காவில் ஜார்ஜ் டெவோல், இயந்திரக் கரம் ஒன்றுக்குக் காப்புரிமை கோரி விண்ணப்பித்தார். ஜோசப் எங்கல்பர்கரோடு இணைந்து அவர் உருவாக்கிய 'யூனிமேட்' 1961இல் நியூ ஜெர்சியிலுள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் வேலைக்கு அமர்ந்தது. ஆயினும் பிறந்த மண்ணில் அது மெதுவாகவே பரவியது. 1967இல் எங்கல்பர்கர் டோக்கியோவில் உரையாற்றினார். மறு ஆண்டே கவாசாகி நிறுவனம் உரிம ஒப்பந்தம் செய்தது. 1969இல் ஜப்பானிலேயே யூனிமேட் தயாராயிற்று. 1980ஐ 'ரோபோப் பரவலின் முதலாண்டு' என்று ஜப்பானியர் குறிப்பிடுவர்.

ஆள் பற்றாக்குறை ஒன்றே இதற்குக் காரணம் என்று முடிவு கட்டிவிடலாகாது. அதே காலத்தில் மேற்கு ஜெர்மனிக்கும் ஆள் போதவில்லை. அது 1961இல் துருக்கியோடு உடன்படிக்கை செய்து தொழிலாளரை வரவழைத்தது. 1973 வரை அவ்வழியே தொடர்ந்தது. ஜப்பான் வெளிநாட்டுத் தொழிலாளருக்குப் பெரிதும் கதவு திறக்கவில்லை. மேலும், அங்குள்ள பெரிய நிறுவனங்களில் நிரந்தரப் பணியாளர் ஓய்வு பெறும்வரை ஒரே நிறுவனத்தில் இருப்பதே வழக்கம். ஓரிடத்தில் இயந்திரம் வந்தால் தொழிலாளி வேறு பிரிவுக்கு மாறினார். ஆகவே அதைக் கண்டு அவர் பெரிதும் அஞ்ச வேண்டியிருக்கவில்லை. மக்கள்தொகை வினாவை எழுப்புகிறது. விடையைச் சமூகமே எழுதுகிறது எனலாம்.

இந்த வெற்றிக் கதையில் ஒரு மனக்குறையும் உண்டு. ரயிலில் வந்த பிள்ளைகளில் பலர் சேர்ந்தது சிறு பட்டறைகளிலும் கடைகளிலும். ரோபோக்களோ முதலில் பெரிய ஆலைகளுக்கே வந்தன. பற்றாக்குறையின் பெயரால் அழைக்கப்பட்டவர்கள் வேறு, அதன் பயனைப் பெற்றவர்கள் வேறு. ஆராய்ச்சிச் செலவின் வரலாற்றை எழுதுவோர் உவேனோ நிலையத்தில் இறங்கிய அந்தப் பதினைந்து வயதினரையும் கணக்கில் சேர்க்க வேண்டாமா?